இந்தக் கல்லோட பூர்வீகம் எது? விண்கல் எங்கேருந்து வருதுன்னு அடிக்கடி கேக்குற கேள்விகள்

ஒரு விண்கல் எந்த ஆஸ்டராய்டுலேருந்து (சூரியனைச் சுத்துற சிறுகோள்) வந்துச்சுன்னு நெசமாவே சொல்ல முடியுமா, இல்ல குத்துமதிப்பா அடிச்சு விடுறாங்களா?

சிலதுக்கு உறுதியா சொல்லலாம், நெறைய கல்லுக்கு இன்னும் முடியல. பேர் வச்சுப் பதிவான விண்கற்கள் இன்னைக்கு 70,000-க்கு மேல இருக்கு. அதுல நிலாவுலேருந்து வந்தது கொஞ்சம், செவ்வாய்லேருந்து வந்தது கொஞ்சம், இந்த ரெண்டுக்கும் ஆதாரம் ரொம்பத் தெளிவு. செவ்வாய் கல்லையே எடுத்துக்கங்க, அண்டார்டிகா பனியில கெடைச்ச ஒரு கல்லுக்குள்ள கறுப்புக் கண்ணாடி மாதிரி உருகி உறைஞ்ச திட்டு இருந்துச்சு, அதுக்குள்ள துளி வாயு சிக்கியிருந்துச்சு, 1983-ல அதை அளந்து பாத்தா 1976-ல வைகிங் விண்கலம் செவ்வாய்ல இறங்கி அளந்த காத்தோட அப்படியே ஒத்துப்போச்சு. அதுக்கப்புறம் சந்தேகப்பட என்ன இருக்கு.

ஆஸ்டராய்டுக்குக் காத்து கெடையாது, அதனால இந்த வழி அங்க எடுபடாது. அங்க நாலு விஷயத்தைச் சேத்துப் பாக்கணும்: கல் வந்த பாதை, கல்லோட வேதியியல், டெலஸ்கோப்புல ஆஸ்டராய்டு காட்டுற ஸ்பெக்ட்ரம் (ஒளியைப் பிரிச்சா தெரியுற நிறமாலை), அங்கேருந்து பூமிக்கு வர நடைமுறையில வழி இருக்கா அதுக்கு எவ்ளோ காலம் ஆகும்ங்கிறது. இதுல ஒண்ணை மட்டும் வச்சுக்கிட்டு, கல்லு உடைஞ்சு வந்த மூல உலகம், அதாவது "தாய்க்கோள் கெடைச்சிருச்சு"ன்னு யாராவது நியூஸ்ல சொன்னா நான் நம்ப மாட்டேன், நீங்களும் நம்பாதீங்க. ஏன்னு கீழ வர்ற பதில்கள்ல புரியும்.

விழும்போதே கேமரால புடிச்சா ஆர்பிட் (சுத்துப்பாதை) கணக்குப் போட்டுரலாமே, அது போதாதா?

போதாது, ஆனா ரொம்ப முக்கியம். இதை மொதமொதல்ல ஒழுங்கா செஞ்சது செக்கோஸ்லோவாக்கியாவுல. 1959 ஏப்ரல் 7 ராத்திரி ப்ரீப்ராம் பக்கத்துல ஒரு கல் விழுந்துச்சு, ஸ்டெனெக் செப்லெகா நடத்தின கேமராக்கள் ரெண்டு எடத்துலேருந்து அந்த நெருப்புக் கோட்டைப் படம் புடிச்சிருந்துச்சு, அதை வச்சு அவரு பாதையைப் பின்னோக்கிக் கணக்குப் போட்டா அது செவ்வாய்க்கும் வியாழனுக்கும் நடுவுல இருக்கற ஆஸ்டராய்டு பெல்ட்டுக்குப் போகுது. விண்கல் பெல்ட்டுலேருந்துதான் வருதுன்னு கண்ணால காட்டின மொத கேஸ் அதுதான்.

இப்ப கதையைக் கேளுங்க. 43 வருஷம் கழிச்சு, 2002 ஏப்ரல் 6, ஜெர்மனியில நாய்ஷ்வான்ஸ்டைன் கோட்டை பக்கத்துல ஒரு கல் விழுது, அதையும் கேமரா புடிக்குது, ஆர்பிட் போட்டுப் பாத்தா ப்ரீப்ராம் கல்லோட ஆர்பிட்டும் இதுவும் கிட்டத்தட்ட ஒண்ணேதான். எல்லாரும் ரெண்டும் ஒரே பாறையோட துண்டுன்னு நெனைச்சாங்க. லேப்ல உடைச்சுப் பாத்தா ப்ரீப்ராம் ஹெச் வகைச் சாதாரண காண்ட்ரைட், நாய்ஷ்வான்ஸ்டைன் என்ஸ்டடைட் காண்ட்ரைட் (காண்ட்ரைட்னா முழுசா உருகாம அப்படியே மிஞ்சின பழைய கல்லு வகை), ரெண்டுக்கும் பொறந்த எடமே வேற வேற. ஒரே பாதையில வந்துட்டா ஒரே தாய்னு அர்த்தம் இல்லங்கிறதுக்கு இதைவிட நல்ல உதாரணம் எனக்குத் தெரியாது.

செல்யாபின்ஸ்க்லயும் இப்படித்தான் ஆச்சு. 2013 பிப்ரவரி 15 ரஷ்யாவுல வெடிச்சு ஜன்னல் எல்லாம் நொறுங்கி சுமார் 1,500 பேருக்குக் காயம் ஆச்சே, அந்தக் கல்லுக்கு 1999 என்சி43-ங்கிற ஆஸ்டராய்டுதான் மூலம்னு ஆர்பிட் ஒத்துமையை வச்சு சொன்னாங்க. ரெண்டு வருஷம் கழிச்சு அதோட ஸ்பெக்ட்ரத்தைச் சரியா எடுத்துப் பாத்தப்ப செல்யாபின்ஸ்க் கல்லோட கலவைக்கு அது பொருந்தல.

அப்ப கல்லுக்குள்ள என்னதான் பாக்குறாங்க?

மொதல்ல ஆக்சிஜன். ஆக்சிஜன்ல 16, 17, 18-னு மூணு ஐசோடோப்பு (ஒரே தனிமம், எடை மட்டும் வேற) இருக்கு, சூரியக் குடும்பம் உருவானப்ப ஒவ்வொரு எடத்துலயும் இந்த மூணும் கலந்த விகிதம் கொஞ்சம் கொஞ்சம் வேற. ஒரு பெரிய பாறை முழுசா உருகிக் கலந்துட்டா அதுலேருந்து வர்ற எல்லாத் துண்டுலயும் அந்த விகிதம் ஒரே கோட்டுல வந்து நிக்கும், அதை அவ்ளோ சுலபமா மாத்த முடியாது. அடுத்தது இரும்புக்கும் மாங்கனீஸுக்கும் உள்ள விகிதம், குரோமியம் டைட்டானியம் ஐசோடோப்பு எல்லாம்.

அப்புறம் வயசு. ஒரே கல்லுக்கு ரெண்டு மூணு வயசு உண்டு. பாறையா உறைஞ்ச வயசு ஒண்ணு, பெரும்பாலும் 450 கோடி வருஷத்துக்கு மேல. இன்னொண்ணு, பெரிய ஆஸ்டராய்டுலேருந்து பிச்சுக்கிட்டு சின்னத் துண்டா விண்வெளியில எவ்ளோ நாள் சுத்துச்சுங்கிறது. துண்டு சின்னதா ஆனதும் காஸ்மிக் கதிர் உள்ள வரைக்கும் அடிக்கும், ஹீலியம் 3, நியான் 21 மாதிரி வாயு கொஞ்சம் கொஞ்சமா சேரும், அதை அளந்தா பயணக் காலம் தெரிஞ்சுரும். இந்த ரெண்டாவது வயசுதான் பூர்வீகம் தேடுறவங்களுக்கு உயிர். ஏன்னா நூத்துக்கணக்கான கல்லு ஒரே பயண வயசைக் காட்டுச்சுன்னா, அன்னிக்கு மேல எங்கயோ ஒரு பெரிய மோதல் நடந்திருக்குன்னு அர்த்தம்.

வெஸ்டான்னு ஒண்ணு அடிக்கடி சொல்றாங்களே, அதுல என்ன அப்படி விசேஷம்?

இந்தத் துறையிலயே முழுசா துப்புத் துலங்கின கேஸ்னா வெஸ்டாதான், அதனால கொஞ்சம் விரிவா சொல்றேன்.

வெஸ்டா சுமார் 525 கிலோமீட்டர் குறுக்களவு உள்ள ஆஸ்டராய்டு, 1807-ல ஓல்பர்ஸ் கண்டுபிடிச்சது. இன்னொரு பக்கம் பூமியில ஹோவர்டைட், யூக்ரைட், டயோஜெனைட்னு மூணு வகைக் கல்லு விழுந்துக்கிட்டே இருக்கு, நூத்துக்கு அஞ்சாறு இந்த வகை. யூக்ரைட்டைக் கையில வாங்கிப் பாத்தா வெளியில எண்ணெய் பூசின மாதிரி பளபளன்னு மெல்லிசான கறுப்புத் தோல், வானத்துல எரியும்போது உருகினது, உடைஞ்ச மூலையில உள்ள சாம்பல் நிறம், நுணுக்கமா வெள்ளையும் கறுப்பும் கலந்த படிகம். எரிமலைப் பாறைதான் அது, பாஸால்ட். எரிமலைக் குழம்பு ஓடின ஒரு உலகத்துலேருந்து வந்திருக்கணும், ஆனா உறைஞ்ச வயசு பூமியோட பாறை எல்லாத்தையும் விட பழசு.

1970-ல மெக்கார்ட், ஆடம்ஸ், ஜான்சன் மூணு பேரும் வெஸ்டாவோட ஒளியைப் பிரிச்சுப் பாத்தாங்க, பைராக்ஸீன்ங்கிற கனிமம் ஒளியை உறிஞ்சுற பள்ளம் யூக்ரைட்டுல எங்க வருதோ அங்கயே வெஸ்டாவுலயும் வந்துச்சு. ஜாடை அவ்ளோ ஒத்துப்போச்சு. ஆனா உடனே யாரும் ஒத்துக்கல, காரணம் நியாயமானது: வெஸ்டா இருக்கற எடத்துலேருந்து கல்லு பூமிக்கு வர சுலபமான வழி கெடையாது. ஜாடை மட்டும் வச்சு முடிவு பண்ண முடியாதுல்ல. அது இருபது வருஷத்துக்கு மேல இழுத்துக்கிட்டே போச்சு.

1993-ல பின்செலும் ஷூவும் வெஸ்டா பக்கத்துலேருந்து வரிசையா வெளியில போற குட்டி ஆஸ்டராய்டுகளைப் பாத்தாங்க, எல்லாம் பத்து கிலோமீட்டருக்கும் கம்மி, எல்லாத்துக்கும் அதே ஸ்பெக்ட்ரம், அந்த வரிசை நேரா போய் வியாழனோட 3:1 ஒத்ததிர்வு எடத்துல முட்டுது, அதாவது வியாழனோட இழுப்பு திரும்பத் திரும்ப ஒரே மாதிரி சேர்ற எடம். அந்த எடத்துக்குப் போனா பூமிக்கு வழி தொறந்துரும். அதுக்கப்புறம் ஹபிள் டெலஸ்கோப் வெஸ்டாவோட தென் துருவத்துல பிரம்மாண்டமான குழி ஒண்ணைக் காட்டுச்சு. 2011 ஜூலைல நாசாவோட டான் விண்கலம் போய் ஒரு வருஷத்துக்கு மேல சுத்திச் சுத்தி அளந்துச்சு. அந்தக் குழிக்கு ரியாசில்வியான்னு பேர், குறுக்களவு சுமார் 500 கிலோமீட்டர், அதாவது கிட்டத்தட்ட வெஸ்டாவோட முழு அகலம். நடுவுல நிக்கற மலை இருபது கிலோமீட்டர் ஒசரம், எவரெஸ்ட்டைவிட ரெண்டு மடங்குக்கு மேல. மேல்பரப்புல இரும்புக்கும் ஆக்சிஜனுக்கும் உள்ள விகிதம் நம்ம கையில இருக்கற கற்களோட பொருந்துச்சு, உள்ள இரும்பு மையம் இருக்குன்னு கற்களை வச்சு முன்னாடியே ஊகிச்சிருந்தாங்க, ஈர்ப்பு அளவீடும் அதையே சொல்லுச்சு. இவ்ளோ தனித்தனி ஆதாரம் ஒரே பக்கம் கை காட்டுறப்பதான் தைரியமா சொல்ல முடியுது.

இதுல நம்ம நாட்டுப் பங்கும் இருக்கு. 1996-ல ராஜஸ்தான்ல பிப்லியா கலான்ங்கிற எடத்துல ஒரு யூக்ரைட் விழுந்துச்சு, அகமதாபாத் பி.ஆர்.எல். (பிசிக்கல் ரிசர்ச் லேபரட்டரி) விஞ்ஞானிகள் ஸ்ரீநிவாசன், கோஸ்வாமி, பண்டாரி அதுல அலுமினியம் 26 ஒரு காலத்துல உயிரோட இருந்ததுக்கான தடயத்தைக் கண்டுபிடிச்சு 1999-ல வெளியிட்டாங்க. சீக்கிரம் சிதையுற அந்தக் கதிரியக்க அலுமினியம் தந்த சூடுதான் இந்த மாதிரி சின்ன உலகங்களை உருக்கிருக்கும்ங்கிற பழைய ஊகத்துக்கு உருகின கல்லுலேயே கெடைச்ச நேரடி ஆதாரம் அது. அந்தப் பேப்பரை இன்னிக்கும் எடுத்துக் காட்டுறாங்க, நம்ம ஆளுங்களுக்கே இது பாதிப் பேருக்குத் தெரியாது.

அப்ப எல்லா யூக்ரைட்டும் வெஸ்டாதானா?

இல்ல. ஆஸ்திரேலியாவுல 2007-ல கேமரா நெட்வொர்க் புடிச்ச பன்பரா ராக்ஹோல்ங்கிற கல் பாக்க அச்சு அசல் யூக்ரைட், ஆனா ஆக்சிஜன் கணக்கு வெஸ்டா கோட்டுல வரல. வெஸ்டா மாதிரியே உருகி எரிமலை ஓடின இன்னொரு உலகம் இருந்திருக்கு, அது இப்ப உடைஞ்சு போயிருக்கலாம்.

பெல்ட்டுல சுத்திக்கிட்டு இருக்கற பாறை எப்படி பூமிக்கு வருது, யார் தள்ளுறாங்க?

மோதல் பிச்சு எறியுது, ஆனா அந்த வேகம் மட்டும் பூமி வரைக்கும் கொண்டு வராது. அதுக்கப்புறம் சூரிய வெளிச்சம் வேலை செய்யுது. சுத்துற கல்லு பகல்ல சூடாகி, சாயங்காலப் பக்கம் திரும்புனதும் அந்த வெப்பத்தை வெளிய விடுறப்ப ரொம்ப ரொம்ப லேசா ஒரு உந்துதல் கெடைக்கும், இதுக்கு யார்க்கோவ்ஸ்கி விளைவுன்னு பேர். பென்னுங்கிற அரை கிலோமீட்டர் ஆஸ்டராய்டுலயே இதை அளந்திருக்காங்க, வருஷத்துக்கு சுமார் 284 மீட்டர் ஆர்பிட் நகருது. கோடிக்கணக்கான வருஷம் இப்படி நகந்து நகந்து பூமி-சூரிய தூரத்தைப் போல 2.5 மடங்கு தூரத்துல இருக்கற 3:1 ஒத்ததிர்வுல போய் விழும், அங்க கல்லு மூணு சுத்து சுத்துறப்ப வியாழன் ஒரு சுத்து, அதனால ஒவ்வொரு தடவையும் ஒரே மாதிரி இழுப்பு சேந்து சேந்து ஆர்பிட்டை நீட்டமாக்கிரும். அதுக்கப்புறம் சில லட்சத்துலேருந்து சில கோடி வருஷத்துக்குள்ள சூரியன்ல விழும், இல்ல வெளிய தூக்கி எறியப்படும், கொஞ்சமே கொஞ்சம் பூமிக்கு வரும். சனி சம்பந்தப்பட்ட இன்னொரு ஒத்ததிர்வும் உண்டு, பெல்ட்டோட உள் ஓரத்துல, நிறைய கல்லு அந்த வாசல் வழியாத்தான் வருது.

விழுறதுக்கு முன்னாடியே ஆஸ்டராய்டாப் பாத்து, அப்புறம் அதே கல்லைக் கையில எடுத்தது உண்டா?

உண்டு. மொதல் தடவை 2008 அக்டோபர் 6, அரிசோனாவுல ஆஸ்டராய்டு தேடுற கேட்டலினா சர்வேல ரிச்சர்ட் கோவால்ஸ்கி கண்ணுல பட்டது 2008 டிசி3, சுமார் நாலு மீட்டர், பத்தொன்பது இருபது மணி நேரத்துல சூடான் மேல நுழையும்னு கணக்கு சொல்லுச்சு, சொன்ன மாதிரியே நுழைஞ்சு வெடிச்சுது. டிசம்பர்ல விண்கல் ஆய்வாளர் பீட்டர் ஜென்னிஸ்கென்ஸும் கார்ட்டூம் பல்கலைக்கழகத்து முவாவியா ஷட்டாதும் மாணவர்களைக் கூட்டிக்கிட்டுப் போய் நூபியப் பாலைவனத்துல வரிசையா நடக்க வச்சுத் தேடினாங்க. கறுப்புக் கல்லு மஞ்ச மணல்ல. மொத்தம் சுமார் 600 துண்டு, பத்து கிலோவுக்கு மேல. அல்மஹாட்டா சித்தான்னு பேர் வச்சாங்க, பக்கத்து ரயில் ஸ்டேஷன் பேரு.

அதுல வந்த ஆச்சரியம் என்னன்னா, பெரும்பாலும் யூரிலைட்ங்கிற அபூர்வ வகை, ஆனா நடு நடுவுல என்ஸ்டடைட் காண்ட்ரைட், சாதாரண காண்ட்ரைட் எல்லாம் கலந்து கெடந்துச்சு. அதாவது மேல சுத்தின அந்த நாலு மீட்டர் பாறையே பல உலகத்துச் சல்லி சேந்து ஒட்டின குப்பைக்குவியல். இதனாலதான் கடைசியா எந்தப் பாறையிலேருந்து வந்துச்சுங்கிறது ஒரு கேள்வி, மொதல்ல எங்க பொறந்துச்சுங்கிறது வேற கேள்வி. ரெண்டையும் குழப்பிக்கிட்டுத்தான் பாதி சண்டை நடக்குது.

எனக்குப் புடிச்சது 2018-ல நடந்தது. ஜூன் 2, 2018 எல்ஏ-ங்கிற ஒண்ணரை மீட்டர் ஆஸ்டராய்டைப் பாத்த சில மணி நேரத்துலேயே போட்ஸ்வானா மேல வெடிச்சுது. விழுந்த எடம் மத்திய கலஹாரி சரணாலயம், சிங்கமும் சிறுத்தையும் நடமாடுற காடு, வனத்துறை ஆளுங்க காவலுக்குக் கூட வந்தாங்க. ஜூன் 23-ல மொத கல்லு கெடைச்சுது, பதினெட்டு கிராம்தான். பக்கத்துல இருக்கற தண்ணிக் குட்டைப் பேர்ல மோட்டோப்பி பான்னு வச்சாங்க, மொத்தம் 23 கல் கெடைச்சிருக்கு. சோதிச்சா ஹோவர்டைட், வெஸ்டா வகை. பயண வயசு சுமார் 2.2, 2.3 கோடி வருஷம். இதே வயசு இந்த வகைக் கற்கள்ல மூணுல ஒரு பங்குக்கு இருக்கு, அதனால வெஸ்டா மேல அந்த வயசுக்குப் பொருந்துற குழி எதுன்னு தேடி ரூப்ரியாங்கிற சுமார் பத்து கிலோமீட்டர் குழியை நெருக்கமான சாத்தியமா சொல்றாங்க. டெலஸ்கோப்புல பாத்த பாறை, கையில எடுத்த கல்லு, அது கெளம்பின குழி வரைக்கும் போயாச்சு.

அதிகமா விழுற சாதாரண காண்ட்ரைட் எங்கேருந்து வருது?

பத்துல எட்டுக்கு மேல இதுதான் விழுது, உள்ள இருக்கற இரும்போட அளவை வச்சு இதை ஹெச், எல், எல்எல்னு மூணாப் பிரிப்பாங்க, ஆனா ரொம்ப நாள் இதுக்குத்தான் விடையே தெரியாம இருந்துச்சு. பெல்ட்டுல எஸ் வகை (கல் மாதிரி கலவை உள்ள) ஆஸ்டராய்டு ஏராளம், கலவையைப் பாத்தா அதுதான் மூலமா இருக்கணும், ஆனா ஸ்பெக்ட்ரம் கொஞ்சம் சிவப்பா இருந்துச்சு, பொருந்தல. சூரியக் காத்தும் நுண்தூசியும் அடிச்சு மேல்தோல் மாறுதுன்னு சிலர் சொன்னாங்க, மத்தவங்க ஒத்துக்கல. இதைத் தீத்து வச்சது ஜப்பானோட ஹயபுசா. 2005-ல இட்டோகாவா ஆஸ்டராய்டுல எறங்கி, எஞ்சின் பழுது, எரிபொருள் கசிவு, தொடர்பு அறுந்து போறதுன்னு எல்லாத்தையும் தாண்டி 2010 ஜூன் 13 ஆஸ்திரேலியாவுல கேப்ஸ்யூலைப் போட்டுச்சு. உள்ள இருந்தது கண்ணுக்கே தெரியாத தூள், 1,500-க்கு மேல துகள். அது எல்எல் வகைக் காண்ட்ரைட்தான், துகளோட ஓரத்துல நானோ அளவு இரும்பு படிஞ்சு தோல் மாறியிருந்ததும் தெரிஞ்சுது. சண்டை முடிஞ்சுது.

எல் வகைக்கு இன்னொரு தடயம் சுவீடன்ல, கின்னெக்குல்லெ மலைப்பக்கம் தோர்ஸ்பெரி கல்குவாரியில. தரைக்கு வெட்டுற சுண்ணாம்புக்கல்லுக்குள்ள புதைஞ்ச விண்கற்கள், சுமார் 46.6 கோடி வருஷத்துக்கு முன்னாடி கடல் தரையில விழுந்தது, நூத்துக்கு மேல எடுத்திருக்காங்க. பிர்கர் ஷ்மிட்ஸ் குழு அதுல அழியாம மிஞ்சின குரோமைட்ங்கிற கனிமத் துகளை வச்சுப் பாத்தா ஒண்ணைத் தவிர கிட்டத்தட்ட எல்லாமே எல் வகை. அந்தச் சமயம் மேல ஒரு பெரிய பாறை நொறுங்கியிருக்கு, இன்னிக்கு விழுற எல் வகைக் கற்கள்லயும் அதே காலத்து அதிர்ச்சித் தழும்பு இருக்கு.

2024-ல மார்செட், ப்ரோஷ் குழுக்கள் நேச்சர் இதழ்ல ரெண்டு ஆய்வு போட்டாங்க: எல் வகை மசாலியா குடும்பத்துலேருந்து (குடும்பம்னா ஒரே பாறை மோதி உடைஞ்ச துண்டுக் கூட்டம்), ஹெச் வகை காரின், கொரோனிஸ் குடும்பங்கள்ல சமீபத்துல நடந்த மோதல்லேருந்து. சமீபம்னா சுமார் 58 லட்சம், 75 லட்சம் வருஷம், மசாலியாவோடது 4 கோடி வருஷத்துக்குள்ள. விழுற கல்லுல சுமார் 70 சதவீதம் இந்த மூணு மோதலோட கணக்குலதான் வருது. பெரிய குடும்பம் எதுங்கிறதைவிட எது சமீபத்துல உடைஞ்சுதுங்கிறதுதான் நம்ம கூரை மேல என்ன விழும்னு தீர்மானிக்குது. ஹெச் வகைக் கற்கள்ல பயண வயசு 70, 80 லட்சம் வருஷத்துல குவியுறது பல வருஷமா தெரிஞ்ச விஷயம், இப்பத்தான் அதுக்குப் பேர் சொல்ல ஆள் கெடைச்சிருக்கு. எனக்கு இது வெஸ்டாவுக்கு அடுத்த பெரிய முன்னேற்றமாத் தெரியுது, இன்னும் கேள்வி கேக்குறவங்க இருந்தாலும்.

வால்நட்சத்திரத்துலேருந்து விண்கல் வருமா?

எரிநட்சத்திர மழை வருது, அதுல சந்தேகமே இல்ல. 1866-ல ஸ்கியாபரெல்லி ஆகஸ்ட் மாசப் பெர்சீட் மழையும் ஸ்விஃப்ட்-டட்டில் வால்நட்சத்திரமும் ஒரே பாதைன்னு காட்டிட்டாரு. ஆனா அது எல்லாம் மணல் அளவு, பொலபொலன்னு உதிருற தூசி, பெர்சீட்னா வினாடிக்கு 59 கிலோமீட்டர் வேகத்துல வரும், தரைக்கு என்ன மிஞ்சும்? தெரிஞ்ச எந்த மழையிலேருந்தும் உறுதியா ஒரு கல்லு இதுவரைக்கும் கெடைக்கல. 1885 நவம்பர் 27 மெக்சிகோவுல பியேலா வால்நட்சத்திரத் தூசி மழை கொட்டுறப்பவே மசாப்பில்ல ஒரு இரும்பு விழுந்துச்சு, பனியும் தூசியுமான வால்நட்சத்திரத்துல கட்டி இரும்பு எப்படி வரும், தற்செயல்தான். டிசம்பர் ஜெமினிட் மழை வேற மாதிரி, அதோட மூலம் 1983-ல கண்டுபிடிச்ச ஃபீத்தான், பாக்க ஆஸ்டராய்டுதான்.

கல்லுப் பக்கம் வலுவான சந்தேகம் ஒண்ணு உண்டு, 1864 மே 14 பிரான்ஸ்ல விழுந்த ஓர்கேய். தண்ணியில போட்டா கரைஞ்சு கலங்குற அளவுக்கு மென்மையான சிஐ வகை (தண்ணி பட்டு மாறின, கார்பன் உள்ள பழைய கல்). அன்னிக்கு நேர்ல பாத்தவங்க எழுதி வச்சதை வச்சு 2006-ல ஆர்பிட் போட்டப்ப வியாழன் வரைக்கும் நீளுற பாதை வந்துச்சு, வால்நட்சத்திரப் பாதை மாதிரி. ஆனா 2020 டிசம்பர்ல ஹயபுசா2 கொண்டு வந்த ரியூகு ஆஸ்டராய்டு மண்ணு, 5.4 கிராம், அது இந்த சிஐ வகையோடதான் ரொம்ப நெருங்கிப் போகுது. இன்னொரு பக்கம் ஸ்டார்டஸ்ட் விண்கலம் 2006-ல வைல்ட் 2 வால்நட்சத்திரத் தூசியைக் கொண்டு வந்தா அதுல சூரியன் பக்கத்துல கடும் சூட்டுல உருவாகுற கனிமம் கெடக்கு. ஆஸ்டராய்டு, வால்நட்சத்திரம்னு நாம போட்ட கோடு அங்க அவ்ளோ கறாரா இல்ல.

இரும்பு விண்கல்?

பெரும்பாலும் பல உடைஞ்ச உலகங்களோட மையம். வேதியியல்படி பிரிச்சா டஜன் கணக்குல தாய்க்கோள் தேவைப்படுது, ஆனா இரும்போட ஸ்பெக்ட்ரத்துல அடையாளமே இல்ல, அதனால இந்தக் கல்லு அந்த ஆஸ்டராய்டுன்னு கை காட்ட முடியறதில்ல. 2023 அக்டோபர்ல கெளம்பின சைக்கி விண்கலம் 2029-ல போய்ச் சேரும், அதே பேர் கொண்ட உலோகம் நிறைஞ்ச ஆஸ்டராய்டுக்கு.

தமிழ்நாட்டுல விழுந்த கல்லுக்குப் பூர்வீகம் தெரியுமா?

ரெண்டைச் சொல்றேன். 1857 பிப்ரவரி 28 அப்போதைய மதுரை ஜில்லாவுல விழுந்தது உலக லிஸ்ட்ல பார்னல்லின்னு இருக்கு, 77 கிலோ கிட்ட, எல்எல் வகை, அதாவது இட்டோகாவா வகையறா. அதிகம் சூடு படாத எல்எல் கல்லுங்கிறதால உலகம் பூரா லேப்ல இன்னும் இதைத் துண்டு போட்டுப் பாத்துக்கிட்டு இருக்காங்க. 1890-ல விழுந்த காக்கங்கரி இன்னும் விசேஷம். சில நூறு கிராம்தான், ஆனா எந்த வகையிலயும் அடங்காததால அதுக்குன்னே கே காண்ட்ரைட்னு தனி வகை, அதுல உலகத்துலயே விரல் விட்டு எண்ணுற அளவுக்குத்தான் உறுப்பினர். அதோட தாய்க்கோள் எதுன்னு இதுவரைக்கும் யாரும் கை காட்டல.

கண்ணு முன்னாடி கல் விழுந்தா என்ன செய்யணும்?

காந்தம் மட்டும் வைக்காதீங்க. தாய்க்கோள்ல இருந்தப்ப பதிஞ்ச பழைய காந்தத் தடயம் கல்லுக்குள்ள இருக்கும், நம்ம காந்தம் பட்டா ஒரு நொடியில அழிஞ்சுரும், அப்புறம் திரும்ப வராது. கழுவாதீங்க, உடைக்காதீங்க. விழுந்த எடத்துலேயே பக்கத்துல ஒரு பேனாவை வச்சு போட்டோ, ஃபோன்ல லொக்கேஷன், மணி, எந்தத் திசையிலேருந்து வந்துச்சு, சத்தம் எத்தனை வினாடி கழிச்சுக் கேட்டுச்சு, எல்லாத்தையும் எழுதுங்க. சுத்தமான கையுறை போட்டு எடுத்து அலுமினிய ஃபாயில்ல சுத்தி, ஈரம் படாம வச்சு, ஜியாலஜிக்கல் சர்வே ஆஃப் இந்தியாவுக்குத் தகவல் சொல்லுங்க, இந்தியாவுல விழுற விண்கற்களைப் பாதுகாக்குறது அவங்க பொறுப்பு. லேட் பண்ணாதீங்க, சோடியம் 24 மாதிரி காஸ்மிக் கதிர் உண்டாக்கின சில ஐசோடோப்பு பதினஞ்சு மணி நேரத்துல பாதியாயிரும், கல்லு மேல இருந்தப்ப எவ்ளோ பெருசா இருந்துச்சுன்னு கணக்குப் போட அது வேணும். வீட்டு மாடியிலயோ கடையிலயோ அன்னிக்கு ஓடின சிசிடிவி இருந்தா அழிக்காம வைங்க, வெடிச்ச வெளிச்சத்துல நெழல் நகந்தது பதிஞ்சிருந்தாக்கூட பாதை எடுக்கலாம்.